சிறிய எஸ்.யு.வி.களின் மைலேஜ்: ஓட்டுநர் மீது சுமத்தப்படும் பழி குறித்து

நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் சிறிய எஸ்.யு.வி.கள் சான்றிதழில் கண்ட மைலேஜை அன்றாட ஓட்டத்தில் தருவதில்லை என்பதில் அபிப்பிராய பேதம் இல்லை. பேதமெல்லாம் அதன் காரணத்தைப் பற்றியதே. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் ஓட்டுநரின் கால்தான் பிரதான காரணம், நிதானமாக ஓட்டுபவருக்குச் சான்றிதழ் எண் எட்டாத கனியன்று என்றொரு சித்தாந்தம் இத்துறையில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. நம் நாட்டுச் சோதனைச் சுழற்சியின் நகரப் பகுதி நகர ஓட்டத்துக்கு நேர்மையான பிரதிநிதி என்னும் வாசிப்பே அதற்கு அஸ்திவாரம். அவ்வாசிப்பு நிலைக்காது என்பது என் துணிபு.

ஐரோப்பாவின் பழைய சுழற்சியைத் தழுவி, அதன் உச்ச வேகமான 120 கிலோமீட்டரை 90 ஆகக் குறைத்து அமைக்கப்பட்ட இந்தியச் சுழற்சியில், 195 வினாடி கொண்ட ஓர் ஓட்டம் நான்கு முறை அப்படியே திரும்ப வருவதுதான் நகரப் பகுதி. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளும் அவ்வோட்டத்தில் வண்டி மூன்று முறை புறப்பட்டு, முதலில் 15, அடுத்து 32, கடைசியாக 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு, பின் 35-க்கு இறங்கி நின்றுவிடுகிறது. நின்ற நிலையிலிருந்து 50-ஐ எட்ட அதற்கு 26 வினாடி அவகாசம் உண்டு; அண்ணா சாலையில் சிக்னல் விழுந்தபின் இப்படிப் புறப்படுபவரைப் பின்னால் நிற்கும் மாநகரப் பேருந்து ஹாரன் அடித்தே துரத்திவிடும்.

இவ்வோட்டத்தின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 19 கிலோமீட்டர் என்பதும், நெரிசல் மிக்க நகரச் சாலைகளின் வேகம் அதையொட்டியே அமைகிறது என்பதும் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். ஆயினும், 200 மீட்டருக்கு ஒரு முறை 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக் பிடித்து, நின்ற இடத்தில் 13 வினாடி போலக் காத்திருந்து செல்லும் வண்டியின் சராசரியும் அதே 19தான். 1,200 கிலோ எடையுள்ள வண்டி, சோதனை ஓட்டத்தின் மூன்று புறப்பாடுகளிலும் சேர்த்துப் பெறும் இயக்க ஆற்றல் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 174 கிலோஜூல். நான் சொன்ன ஓட்டத்திலோ 370. உருளும் தடையும் காற்றும் அதில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்கின்றன என்பதையும், இது அளவீடன்று, கணக்கே என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இருந்தும், சராசரி மாறாமலே சுமை இருமடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. இனி, 40-ஐ எட்டு வினாடியில் எட்டினாலும் இருபது வினாடியில் எட்டினாலும் வண்டியில் சேரும் இயக்க ஆற்றல் ஒன்றே. சிக்னலைத் தூரத்திலேயே கண்டு காலை எடுக்கும் சாமர்த்தியம் சிறிது மிச்சம் பிடிக்கலாம். ஆனால் எத்தனை முறை நிற்பதென்று விதிப்பது சாலைதான்.

ஐ.சி.சி.டி. என்னும் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, ஐரோப்பாவில் சான்றிதழுக்கும் சாலைக்கும் இடையே 2001-இல் சுமார் 9 சதவீதமாக இருந்த இடைவெளி 2015-இல் 40 சதவீதத்தைத் தாண்டியது. பதினான்கு ஆண்டுகளில் ஐரோப்பியரின் கால்கள் அவ்வளவு கனத்துவிட்டன என்று யாரும் வாதிடமாட்டார்கள் என நம்புகிறேன். சுழற்சியை மாற்றிய பிறகும், 2021-இல் பதிவான பெட்ரோல் கார்களில் வண்டியினுள் பொருத்திய அளவிகள் 23.7 சதவீத மிகுதியைக் காட்டின.

நெடுஞ்சாலையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. உயர்ந்த முகப்புடைய இவ்வண்டியை 90-இலிருந்து 110-க்குக் கொண்டுசென்றால் காற்றின் எதிர்விசை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. சோதனையோ 90-உடன் நின்றுவிடுகிறது. ஏசி அணைக்கப்பட்ட நிலையிலேயே அச்சோதனை நடைபெறுகிறது என்பதைச் சென்னை வாசகருக்கு விளக்கவும் வேண்டுமோ? எத்தனால் கலப்பே காரணம் என்னும் ஆட்சேபம் நெடுநேரம் நம்மை நிறுத்தவேண்டியதன்று. கலப்பு வருவதற்கு முன்பே இடைவெளி இருந்தது.

இத்துறையில் எழுதுவோருக்கு ஒரு விண்ணப்பம்: மைலேஜ்களைக் கூட்டி வகுப்பதை விட்டு, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்றே பதிவு செய்யுங்கள். நகரில் 120 கிலோமீட்டர் லிட்டருக்கு 10 வீதமும், நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டர் 20 வீதமும் ஓடிய வண்டிக்குச் சராசரி 15 என்று எழுதுகிறோம். டேங்கிலிருந்து போனது 18 லிட்டர், கிடைத்தது 13.3.