பால்டிமோரும் முதிய இருதயமும்

பிராயம் ஏற ஏற இருதயம் தளர்கிறது என்பதை எல்லாரும் அறிந்திருந்த போதிலும், அந்தத் தளர்ச்சி தசையிலே இருக்கிறதா, தசைக்கு வந்து சேரும் ஆணையிலே இருக்கிறதா என்று பிரித்துக் கேட்கும் பக்குவம் வைத்திய சாஸ்திரத்துக்கு வெகு காலம் கழித்தே வாய்த்தது. அந்தக் கேள்வியின் சரித்திரத்தில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக்குப் பெரிய ஸ்தானம் உண்டு.

அந்த ஆணையைத் தாங்கி வரும் ரசாயனத் தூது பிடிபட்ட கதை முதலில். ஹாரகேட் வைத்தியர் ஜார்ஜ் ஆலிவர் கொணர்ந்த அட்ரினல் சுரப்பிச் சாற்றை லண்டனில் எட்வர்ட் ஷேஃபர் ஒரு நாயின் ரத்தத்தில் செலுத்த, ரத்த அழுத்தம் மளமளவென்று உயர்ந்தது. அவர்களுடைய விரிவான கட்டுரை 1895-இல் வெளிவந்தது. சாற்றின் சத்தைப் பிரிக்கும் பிரயத்தனத்தில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த ஜான் ஏபெல் 1897-இல் பாதி வழி சென்றார். அட்ரினலின் என்று பெயர் பெற்ற அந்தச் சத்தின் சுத்தமான படிகம் 1900-இல் நியூயார்க்கில், ஜோகிச்சி தகாமினேயின் ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. அதைக் கைப்பட எடுத்த உதவியாளர் உயேநகாவின் பெயரை விட்டுவிடுவது தர்மமாகாது.

பால்டிமோரில் நேதன் ஷாக் நடத்திவந்த முதுமை ஆராய்ச்சி, 1958 முதல் ஆரோக்கியமான மனிதர்களையே ஆண்டாண்டாகத் திரும்ப அழைத்துச் சோதிக்கும் பெரும் முயற்சியாக வளர்ந்தது. அங்கே எட்வர்ட் லகட்டாவும் சகாக்களும் 1975-இல் வெளியிட்ட எலி ஆராய்ச்சியைத்தான் நான் இந்தச் சரித்திரத்தின் சிகரமாகக் கருதுகிறேன். கால்சியத்தை நேராகக் கொடுத்தபோது கிழ எலியின் இருதயத் தசை இளந்தசைக்கு நிகராகவே வலுத்துச் சுருங்கியது. அட்ரினலின் இனத்து ரசாயனங்களைக் கொடுத்தபோதோ, அதன் வேகம் இளந்தசையின் அளவுக்கு ஏறவில்லை. சுருங்கும் சக்தி போய்விடவில்லை. தூதுக்குச் செவி சாய்க்கும் திறன்தான் மங்கியிருந்தது.

காரணங்கள் பின்னர் துலங்கின. 1948-இல் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் வகுத்த பீட்டா ஏற்பிகள் உயிரணுவின் மேலுறையில் அட்ரினலினை வாங்கி, உள்ளே கால்சியத்தின் வரவைப் பெருக்குபவை. முதுமையில் ரத்தத்தில் இந்தச் சுரப்புகளின் அளவு அதிகரிக்க, ஓயாத அழைப்புக்கு ஆளான ஏற்பிகள் மந்தமாகின்றன. வந்த கால்சியம் தன் சேமிப்பறைக்குத் திரும்பும் வேகமும் குறைவதால், சுருங்கிய தசை தளர அதிக நேரம் பிடிக்கிறது.

1984-இல் அதே பால்டிமோர் ஆராய்ச்சியாளர்கள், மறைவான இருதய நோயுள்ளவர்களைக் கவனமாக விலக்கிவிட்டு, மற்றவர்களை நிலைமிதிவண்டி மிதிக்கச் செய்து பார்த்தனர். முதியோரின் துடிப்பு இளைஞரைப் போல் விரையவில்லை. ஆயினும் இருதயம் கூடுதலாக விரிந்து, ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளி, உடலுக்கு வேண்டிய அளவைக் குறைவின்றிக் கொடுத்தது. முதுமையின் மேல் அதுவரை சுமத்தப்பட்ட பழியில் ஒரு பங்கு நோய்க்கு உரியது என்பது அப்போது தெளிவாயிற்று.