பகல் பதினொரு மணி குரோம்பேட்டை

நான் பிறந்து வளர்ந்து, இப்பவும் குடியிருக்கிறது குரோம்பேட்டையில்தான். ஆனா ஒரு சாதாரண வேலைநாள்ல, பகல் பதினொரு மணிக்கு எங்க தெரு எப்படி இருக்கும்னு எனக்கு நாற்பது வயசு தாண்டின பிறகுதான் தெரிஞ்சது.

கொரோனா ஊரடங்கெல்லாம் முடிஞ்சு, மின்சார ரயில் பழையபடி ஓட ஆரம்பிச்சு, தெருவில் எல்லாரும் ஆபீசுக்குத் திரும்பிட்டாங்க. எங்க டீம் மட்டும் வீட்டிலிருந்தே வேலை. ஒரு நாள் மீட்டிங் ரத்தாச்சு. காபியோட வாசலுக்கு வந்து நின்னேன். தெருவில் ஒரு ஆள் இல்லை. எங்கேயோ குக்கர் விசில். மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பின ஒரு விமானம். அவ்வளவுதான்.

"எவ்ளோ அமைதியா இருக்கும்மா நம்ம ஊரு"ன்னேன்.

கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கலை. "அமைதியா? அந்தக் காலத்துல இந்நேரத்துக்கு நீ வந்து பார்த்திருக்கணும்"னாங்க.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியிலிருந்து வந்தது.

முதலில் இந்த ஊர் எப்படி உருவானதுன்னு பார்த்துடலாம். "குரோம்பேட்டையில என்ன சார் வரலாறு இருக்கு, தூங்குறதுக்கு மட்டும் வர்ற ஊர்தானே"ன்னு நண்பர்கள் கேலி பண்ணுவாங்க. அடுத்த ஸ்டேஷன் பல்லாவரம். 1863 மே 30 அன்று அங்கே ராணுவ அணிவகுப்பு மைதானத்தை ஒட்டிய ஒரு சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் அதிகாரி. அது மனிதக் கை செதுக்கிய கருவி. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்ற ஆய்வே அந்தக் குழியிலிருந்துதான் தொடங்குது. அதே பல்லாவரம் மலையில் ஏழாம் நூற்றாண்டு மகேந்திரவர்மனின் குடைவரை இருக்கு. அதில் அவனுடைய விருதுப் பெயர்கள் வரிசையா வெட்டப்பட்டிருக்கு. பிற்காலத்தில் அது இஸ்லாமியர்களின் வழிபாட்டிடமா மாறிடுச்சு.

குரோம்பேட்டை இவ்வளவு பழசில்லை. பெயரே ஒரு ரசாயனத்திலிருந்து வந்தது. ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிடுவது நம்ம ஊர் வழக்கம், அதுக்கு வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பு போட்டால் சில நாளில் முடிஞ்சுடும். அந்த முறையில் ஜி.ஏ. சேம்பர்ஸ் நடத்திய குரோம் லெதர் கம்பெனியின் பெயர்தான் ஊருக்கும் ஒட்டிக்கிச்சு. குரோம்பேட்டைன்னு தனி நகராட்சி இருந்ததே இல்லை. பல்லாவரம் நகராட்சியில் இருந்தோம், 2021-இலிருந்து தாம்பரம் மாநகராட்சியில் இருக்கோம்.

இந்தப் பக்கம் வந்த நிறுவனங்களைக் கால வரிசைப்படி எழுதிப் பார்த்தப்ப ஒரு விஷயம் கண்ணில் பட்டது. தோல் தொழில் வந்தது, நாற்றம் நகரத்துக்குள்ள இருக்கக் கூடாதுன்னு. 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியம் தொடங்கினது, சுத்தமான காற்றுக்காக. அதுதான் இன்னிக்கும் ஸ்டேஷன் பெயரா நிக்குது. 1937-இல் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலிலிருந்து தாம்பரத்துக்கு வந்தது, இடத்துக்காக. 1949-இல் சி. ராஜம் எம்.ஐ.டி.யைக் குரோம்பேட்டையில் தொடங்கினார். அப்துல் கலாம் படிச்சது அங்கேதான். நகரத்துக்கு வேண்டாததும் இங்கே வந்தது, நகரத்தில் இடம் கிடைக்காததும் இங்கே வந்தது. இந்த ஊரோட ஒரே தகுதி "வெளியே இருப்பது".

அந்த வெளியை உள்ளோடு கோர்த்தது ரயில். 1931 மே மாதம் தென்னிந்திய ரயில்வே, பீச்சிலிருந்து தாம்பரம் வரைக்கும் சுமார் 29 கிலோமீட்டருக்கு மின்சார ரயில் விட்டது. பம்பாய்க்கு அடுத்து மின்ரயில் ஓடிய நகரம் மெட்ராஸ்தான். மீட்டர் கேஜில் மின்ரயில் என்பது நாட்டிலேயே இங்கேதான் முதலில். முதலில் 1500 வோல்ட் நேர்மின்சாரம், 1960-களில் 25 கிலோவோல்ட் மாறுமின்சாரம், 2004-இல் மீட்டர் கேஜ் வண்டிக்கு விடை. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். பத்து வருஷமா இந்த ரயிலைப் பத்தித்தான் குறிப்பு எடுத்துட்டிருந்தேன்.

எங்க அப்பாவும் அந்த ரயில் மனுஷர்தான். பாரிமுனையில் குமாஸ்தா வேலை. மாசாமாசம் சீசன் டிக்கெட். 8.50 வண்டி. அதே பெட்டி, அதே சீட்டுக்கச்சேரி கோஷ்டி. சாயங்காலம் ஏழு மணிக்குத் திரும்புவார். கால் கழுவிட்டு வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அப்பாடா, நம்ம ஊரு எவ்ளோ அமைதி"ம்பார். நானும் பின்னாடி இருபது வருஷம் அதே மாதிரி போய்ட்டு அதே வசனம் பேசியிருக்கேன். எங்க தொழில் பாஷையில சொன்னா ஊரே ஒரு க்ரான் ஜாப் மாதிரி. குறிச்ச நேரத்துல ஓடும், குறிச்ச நேரத்துல நிக்கும்.

அம்மா சொன்ன கதையில் எந்த நேரமும் குறிக்கப்படலை.

"அப்பா போனதும் தண்ணி வேலைதான்"னாங்க. எங்க வீட்டுக் கிணத்துல தண்ணி இருந்தது. ஆனா அதுல பருப்பு வேகாது. துணிக்கு சோப்பு நுரைக்காது. குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணிதான். லாரி எப்ப வரும்? "வரும்போது வரும்." பத்தரைக்கு வரலாம், ஒரு மணிக்கு வரலாம், வராமலும் போகலாம். அதனால குடங்களை வரிசையில் போட்டுட்டு, ஆள் மாத்தி ஆள் காவல். ஹார்ன் சத்தம் கேட்டா அடுப்பை அணைச்சுட்டு ஓடணும். வரிசையில் சண்டை. நிறைமாத கர்ப்பிணிக்கு முதல் ரெண்டு குடம்னு ஒரு எழுதாத சட்டம். நான் பிறக்கிறதுக்கு முந்தின வாரம் வரைக்கும் அந்தச் சலுகையை அம்மா வாங்கியிருக்காங்க. அந்தக் குடங்களைப் பக்கத்து வீட்டு மாமிதான் தூக்கிட்டு வந்து வெச்சாங்களாம். எல்லாம் ரெண்டு மணிக்குள்ள முடிஞ்சுடும். வாசலைக் கழுவி விட்டா, சாயங்காலம் வர்றவங்களுக்கு ஊரு அமைதியா இருக்கும்.

இதைக் கேட்ட அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

ஏன்னா அந்தக் கிணத்துத் தண்ணிக்கும் ஒரு வரலாறு உண்டு. தோல் பதனிடுவதில் ஏராளமான தண்ணியும் உப்பும் செலவாகும். பல்லாவரம், குரோம்பேட்டை வட்டாரத்தில் தோல் கழிவுநீர் நிலத்தடி நீரைக் கெடுத்தது ஆய்வுகளில் பதிவான விஷயம். 1990-களில் பல்லாவரத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்ததே அதனாலதான். இன்னொரு பக்கம், மழைநீரைப் பிடிச்சுவெச்ச பல்லாவரம் பெரிய ஏரியின் நடுவிலேயே துரைப்பாக்கம் போற ரேடியல் ரோட்டைப் போட்டாச்சு. கூடவே குப்பை. எங்க தெருவுக்குக் குழாயில் பாலாற்றுத் தண்ணி வந்தது நான் பள்ளிக்கூடம் முடிச்ச பிறகு, அதுவும் வாரத்துக்குச் சில நாள். ரயில் வந்தது 1931-இல்.

அதாவது, வேலைக்குப் போறவங்களைக் கொண்டுபோய்க் கொண்டுவந்து சேர்க்கிற ஏற்பாடு நிமிஷக் கணக்கில் இருந்தது. வீட்டில் இருக்கிறவங்களுக்கு ஒரு குடம் நல்ல தண்ணி தர்ற ஏற்பாட்டுக்கு நேரமே கிடையாது. வெளியே தள்ளின தொழிலோட விலையைக் கொடுத்தது பகலில் ஊரில் இருந்தவங்க. அப்பா ரசிச்ச அமைதி, நான் ரசிச்ச அமைதி, அம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும் தெருப் பெண்களும் பகலெல்லாம் உழைச்சுத் தயார் பண்ணி வெச்சது.

என் பழைய குறிப்புகளைத் திரும்பப் புரட்டினேன். ரயிலைப் பத்தி ஓய்வுபெற்ற பதினேழு பேர்கிட்ட பேசியிருக்கேன். பதினேழு பேரும் ஆண்கள். எல்லாரும் ஒரே மாதிரி "அப்பல்லாம் ரொம்ப அமைதியான ஊர் சார்"னு சொல்லியிருக்காங்க. அவங்க பொய் சொல்லலை. அவங்க பகலில் இங்கே இல்லை. நானும் அவங்க வீட்டுக்குள்ளே இருந்தவங்ககிட்ட கேட்கணும்னு நினைக்கவே இல்லை. காபி கொண்டுவந்து கொடுத்தவங்க பெயரைக்கூடக் குறிச்சு வைக்கலை. தரவில் பாதி இல்லாமலே பத்து வருஷம் ஆராய்ச்சி பண்ணியிருக்கேன்.

அதில் ஐந்து பேர் இப்போ இல்லை. ஆனா அவங்க வீட்டம்மாக்கள் மூணு பேர் இருக்காங்க. போன மாசத்திலிருந்து, மதியம் மூணு மணிக்கு மேல (அதுதான் அவங்களுக்கு ஒழியுற நேரம்), ஒவ்வொருத்தரா பார்த்துப் பேசிட்டு வர்றேன். ஒருத்தர் லாரி வந்த நாட்களைக் காலண்டரில் வட்டம் போட்டு வெச்சிருந்தாராம். வீடு மாத்தும்போது பழைய பேப்பர்காரனுக்குப் போயிடுச்சு.

அம்மாவுக்கு எழுபத்தி நாலு வயசு. குரலைப் பதிவு பண்ண போனை முன்னாடி வெச்சா வெட்கப்படுறாங்க. "தண்ணி பிடிச்சதெல்லாம் ஒரு வரலாறாடா?"ன்னு கேக்கிறாங்க. ஆமாம்மான்னு சொல்லிட்டு, அடுத்த கேள்விக்குப் போறேன். உங்க வீட்டிலும் பகலில் இருந்தவங்க இருப்பாங்க. இன்னிக்கே கேட்டு எழுதி வெச்சுடுங்க.