மடலை மறிப்பது யார்?

திருவரங்குளத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து என்னிடம் முதுகலைத் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி. கௌரவ விரிவுரையாளர் பணிக்கான நேர்முகத் தேர்வு அழைப்பு அவளுக்கு மின்னஞ்சலில் வந்திருந்தது. பரிசுச்சீட்டு மோசடிகளுக்கும் கடன் விளம்பரங்களுக்கும் நடுவே, எரிதங்களை ஒதுக்கும் பெட்டியில் அது கிடந்தது. அவள் கண்ணில் பட்டபோது தேர்வு முடிந்து நான்கு நாள்கள் ஆகியிருந்தன. "யாரைக் கேட்டு ஒதுக்கினார்கள் ஐயா?" என்றாள். என்னிடம் உடனடி விடையில்லை.

ஆனால் அந்தக் கேள்வி பழையது. 1908இல் பாரதியின் 'இந்தியா' இதழ் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது. பிரெஞ்சு மண்ணில் அச்சிடுவதைத் தடுக்க இயலாத ஆங்கில அரசு, இதழ் தன் எல்லைக்குள் வருவதைத் தடுத்தது. வாசகர்களை இழந்த இதழ் 1910 மார்ச்சில் நின்றது. ஆசிரியரின் எழுதுகோலைப் பறிக்க வேண்டியிருக்கவில்லை. வழியை மறித்ததே போதுமாயிருந்தது.

பொது அமைதியின் பெயரால் அஞ்சலை இடைமறிக்கும் அதிகாரம் 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தின் 26ஆம் பிரிவில் இருந்தது. விடுதலைக்குப் பின்னும் அது நீங்கவில்லை. அதனை மேலும் விரித்து 1986இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஒப்புதல் தரவில்லை. அது சட்டமாகவே ஆகவில்லை. பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடைமறிக்கும் அதிகாரம் தொடர்கிறது.

கடல் கடந்த இரு தீர்ப்புகள் இங்கே நினைக்கத் தக்கவை. வெளிநாட்டிலிருந்து வரும் பொதுவுடைமைப் பிரசார அஞ்சலை நிறுத்திவைத்து, பெறுநர் எழுதிக் கேட்டால் மட்டுமே தருவது என்று அமெரிக்கா 1962இல் சட்டம் செய்தது. 1965இல் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 1970இலோ அதே நீதிமன்றம் வேறொரு சட்டத்தை ஏற்றது. ஒரு விளம்பரம் பாலுணர்வைத் தூண்டுவதாக வீட்டுக்காரர் கருதி அஞ்சல் துறையிடம் சொன்னால், அனுப்பியவர் அவருக்கு மேலும் அனுப்பக் கூடாது. இரண்டும் முரண்போலத் தோன்றும், முரணில்லை. முதலாவதில் முடிவு செய்தது அரசு, இரண்டாவதில் பெறுநர்.

நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2007இல் ஏற்படுத்திய 'தொந்தரவு வேண்டாம்' பதிவேடும் இந்த இரண்டாம் வழியைச் சார்ந்ததே. வேண்டாதவர் பதிந்துகொள்ள வேண்டும், வேண்டுவோருக்குத் தடையில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. 1978இல் கேரி துர்க் என்பவர் கணினி விளம்பரம் ஒன்றை ஏறத்தாழ 400 பேருக்கு ஒருசேர அனுப்பினார். எரிதத்தின் தொடக்கமாக அதைச் சொல்வர். இன்று வெள்ளமெனப் பெருகும் எரிதத்தை ஒவ்வொருவரும் கையால் களைய இயலுமா? ஓய்வூதியத்தைப் பறிக்கும் போலி வங்கி மடலை முதியவர் ஒருவர் பிரித்தறியட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது. தடுப்பு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அரசியல் தணிக்கையும் எரிதத் தடுப்பும் ஒன்றென்றும் சொல்லமாட்டேன், நோக்கங்கள் வேறு.

ஆயினும் ஒன்று பொது. மறிக்கப்பட்டதை அறியாதவர் முறையிட இயலாது. ஒதுக்கிய மடல் பெட்டியிலாவது கிடந்தால் தேடி எடுக்கலாம். வாயிலிலேயே திருப்பப்படும் மடல்களோ பெறுநருக்குத் தெரியாமலே போகின்றன. நிறுவனங்கள் பெறுநருக்காகச் சலிக்கட்டும். சலித்ததைக் காட்டவும் வேண்டும். சல்லடையின் கண்ணைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும், வேண்டாமென்றால் அகற்றவும் பெறுநருக்கு உரிமை வேண்டும். கடைசிச் சொல் மடலில் பெயருள்ளவருடையதாக இருக்கட்டும்.

அந்த மாணவி இப்போது வேறொரு கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். காலையில் அஞ்சலைத் திறந்ததும் முதலில் எரிதப் பெட்டியைத்தான் பார்க்கிறாளாம்.