வாயை மூடித் தூங்குங்கள்!

காலையில் எழுந்ததும் நாக்கு வறண்டு, மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறதா? ராத்திரி நீங்கள் வாயைத் திறந்தபடி தூங்கியிருக்கலாம். 'இது ஒரு விஷயமா?' என்கிறீர்களா? இதற்காக ஒருவர் புத்தகமே போட்டார். அவர் டாக்டர் அல்ல. ஓவியர்!

அமெரிக்கரான ஜார்ஜ் கேட்லின், வக்கீல் தொழிலை உதறிவிட்டுத் தூரிகை பிடித்தவர். 1830-களில் மிசௌரி நதி வழியே போய், பூர்வகுடி மக்களோடு தங்கி அவர்களை வரைந்து தள்ளினார். முகத்தை வரைகிறவர் பல்லைக் கவனிக்காமல் இருப்பாரா? பல் டாக்டரையே பார்த்திராதவர்களுக்கு வரிசை குலையாத பற்கள்! எப்படி?

பால் குடித்துத் தூங்கும் குழந்தையின் உதடுகளைத் தாய் விரலால் மெல்ல அழுத்தி மூடுவதைக் கேட்லின் பார்த்தார். 'அட, இதுதான் சங்கதி!' அவரே வாய் திறந்து தூங்கி அவதிப்பட்டவர்தான். பிடிவாதமாக அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொண்டார். 1860-களில் தானே படம் வரைந்து புத்தகம் வெளியிட்டார். பின்னாளில் அதற்கு வைத்த தலைப்பு: 'வாயை மூடு, உயிரைக் காப்பாற்று!'

மனிதர் சொன்னதில் பாதி சரி. வாய்க்குக் காவல்காரன் எச்சில்தான். அமிலத்தை அடக்கி, பல்லின் மேற்பூச்சைக் காப்பது அதுவே. தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறையும். வாயும் திறந்திருந்தால் இருப்பதும் காய்ந்துபோகும். அப்புறமென்ன, கிருமிகளுக்குக் கொண்டாட்டம், சொத்தைக்கு வழி. படுக்கப்போகும் முன் பல் துலக்கச் சொல்வது இதனால்தான்.

மீதிப் பாதி? அந்த மக்களின் சர்க்கரையில்லாத சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு. தவிர, வாய் சும்மா திறப்பதில்லை. மூக்கடைப்பு, அடினாய்டு வீக்கம், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் கோளாறு என்று காரணங்கள் பல. கேட்லின் பேச்சைக் கேட்டு உதட்டில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு படுத்துவிடாதீர்கள், ஆபத்து! முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. கேட்லின் 1832-ல் ஆசையாக வரைந்த மேண்டன் இன மக்களை, 1837-ல் நீராவிக் கப்பலோடு வந்த பெரியம்மை வாரிக்கொண்டு போனது. சுமார் 1,600 பேர் இருந்த இடத்தில் 200 பேர்கூட மிஞ்சவில்லை. பல்லைக் காத்த பழக்கத்தால் அவர்கள் உயிரைக் காக்க முடியவில்லை. அந்தச் சிரித்த முகங்களில் பல இன்று கேட்லினின் ஓவியங்களில் மட்டுமே இருக்கின்றன.