ஆயாக் கொட்டகையிலிருந்து பட்டப்படிப்பு வரை

சமூக சேவைக்கு இன்று சான்றிதழ் இருக்கிறது, டிப்ளோமா இருக்கிறது, பட்டப்படிப்பும் இருக்கிறது. ஆனால் சுவா பெத்தோங், பிராட்வால், தானா மேரா, கெர்பி என்று நெகிரி செம்பிலான் முழுக்கப் பரவியிருந்த ரப்பர் தோட்டங்களில், இந்தப் படிப்புகள் தோன்றும் முன்பே அந்தச் சேவை நடந்துகொண்டிருந்தது. அதைச் செய்தவர்களை யாரும் சமூகப் பணியாளர் என்று அழைக்கவில்லை. ஆயா என்றார்கள், வாத்தியார் என்றார்கள், டிரசர் என்றார்கள்.

விடியுமுன் பெரட்டு. தாயும் தகப்பனும் பால்வெட்டுக்குப் போக வேண்டும். கைக்குழந்தையை யார் பார்ப்பது? ஆயாக் கொட்டகைதான் பதில். மரம் வெட்ட முடியாத வயதில் இருந்த ஒரு பெண் அங்கே பத்துப் பிள்ளைகளுக்குத் தாயாக இருப்பார். எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் கள்ளுக்கடைச் சண்டை, எந்தத் தாய்க்கு இரவு உணவில்லை என்று அவருக்குத் தெரியும். இன்றைய பாடநூல் இதைக் குடும்ப நிலை ஆய்வு என்று சொல்லும்.

சட்டம் வந்த வழி

தோட்டத்து நலன் எல்லாம் முதலாளியின் கருணையால் வந்ததல்ல. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. அதனால் ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாரும் கிடைத்தனர். பல இடங்களில் அந்த வாத்தியாரே மனு எழுதுபவர், ஊருக்குக் கடிதம் எழுதுபவர், கோயில் கணக்குப் பார்ப்பவர்.

பிறகு ஜப்பானியர் காலம் வந்தது. தோட்டத்து ஆண்கள் ஆயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டனர். பலர் திரும்பவில்லை. போர் முடிந்தபோது லயங்களில் மிஞ்சியவர்கள் விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும்.

1946-இல் அரசாங்கம் சமூக நலத்துறையைத் தொடங்கியது. அதே காலக்கட்டத்தில் நெகிரி செம்பிலானில் இந்தியத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. நலத்துறை மேலிருந்து வந்தது. சங்கம் லயத்திலிருந்து எழுந்தது. இந்தச் சங்கப் பணியில் வளர்ந்தவர்தான் பி.பி. நாராயணன். 1954-இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் பொதுச் செயலாளர் அவரே. 1962-இல் சமூகத் தலைமைக்கான ரமோன் மக்சாய்சாய் விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் அன்னை தெரசாவும் மக்சாய்சாய் விருது பெற்றார். தோட்டத்து மக்களுக்காக உழைப்பதும் உலகம் மதிக்கும் சேவையே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எட்டாமல் போன படிப்பு

அந்த நேரத்தில் சமூக சேவை ஒரு படிப்பாகவும் மாறிக்கொண்டிருந்தது. பம்பாயில் 1936-லேயே டாட்டா குடும்பத்தின் பெயரில் சமூகப் பணிக் கல்விக்கூடம் அமைந்துவிட்டது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் 1952-இல் சமூகப் பணிப் பள்ளி தொடங்கியது. அதே 1952-இல் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகமும் சமூகக் கல்வியில் டிப்ளோமா வழங்கத் தொடங்கியது. மலேசிய மண்ணில் இதற்கென்று ஒரு பட்டப்படிப்பு வர 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அதைத் தொடங்கியது.

ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்குப் பினாங்கு தொலைவு. தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். இடைநிலைப் பள்ளிக்குப் போக முதலில் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் இருக்க வேண்டும். அதற்குப் பள்ளி இருக்கும் பட்டணத்துக்குப் பேருந்தில் போய்வர வேண்டும். வழியிலேயே பலர் படிப்பை விட்டார்கள். சேவை செய்யத் தெரிந்த குடும்பங்களுக்குச் சேவை படிக்கும் வாசல் திறக்கவில்லை.

தோட்டம் கலைந்த பிறகு

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. பிறகு செண்டாயான், நீலாய் பக்கம் புதிய நகரங்கள் எழுந்தன. மாநிலத்தின் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயரில் இன்னும் 'லாடாங்' இருக்கிறது. சுற்றியிருந்த தோட்டம்தான் இல்லை.

மலிவு விலை வீடுகளுக்குக் குடிபோன குடும்பங்கள் லயத்தை மட்டும் இழக்கவில்லை. ஆயாவையும் டிரசரையும் மனு எழுதும் வாத்தியாரையும் இழந்தன. பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி, 2011-இல் 'மைடஃப்தார்' பதிவு இயக்கம் நடத்தும் அளவுக்குப் பெரிதானது. அந்தப் பாரங்களை நிரப்பத் தமிழும் மலாயும் தெரிந்தால் போதாது. அந்தக் குடும்பத்தின் கதையும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படி ஒரு நிலையை அமெரிக்காவும் சந்தித்தது. 1965-இல் ஆர்தர் பேர்ல், ஃபிராங்க் ரீஸ்மன் என்ற இருவர் ஒரு நூலில் வாதிட்டார்கள்: ஏழைகளுக்கு உதவ வெளியிலிருந்து ஆள் கொண்டுவருவதற்குப் பதில், அந்த ஏழைகளையே வேலையில் சேர்த்து, வேலை செய்துகொண்டே படிக்க வையுங்கள். அந்த நாட்டின் சமூகக் கல்லூரிகளில் இரண்டாண்டு மனித சேவைப் படிப்பு பரவியதற்கு இந்தச் சிந்தனையும் ஒரு காரணம். முதலில் உதவியாளர், பிறகு டிப்ளோமா, பிறகு பட்டம் என்று ஏணியாக அமைந்தது அந்தப் பாதை.

இங்கும் ஏணி உண்டு

மலேசியாவில் சமூகக் கல்லூரிகள் 2001-இல் தொடங்கின. ஜெலுபு, ஜெம்போல், ரெம்பாவ் ஆகிய இடங்களிலும் இவை இருக்கின்றன. இவற்றின் அழுத்தம் தொழில்திறனில்தான், ஆனாலும் எஸ்.பி.எம். முடித்த பிள்ளைக்கு முதல் படி இங்கே கிடைக்கிறது.

வயது கடந்தவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. மலேசியத் தகுதி நிறுவனத்தின் 'ஏப்பல்' திட்டம், வாழ்க்கையிலும் வேலையிலும் கற்றதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 21 வயது நிறைந்து, படிக்க விரும்பும் துறையில் அனுபவமும் இருந்தால், எஸ்.டி.பி.எம். இல்லாமலேயே பட்டப்படிப்புக்கு முயலலாம். தேர்வு ஒன்று உண்டு. செய்த பணிகளுக்கான ஆதாரக் கோப்பு ஒன்றும் தர வேண்டும்.

சிக்கல் இந்தக் கோப்பில்தான். கோயில் நிர்வாகத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் இருபது வருடம் உழைத்தவரிடம் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. ஆயாக் கொட்டகையில் பிள்ளை வளர்த்தவரிடமும் இருந்ததில்லை. அவர் காலத்தில் அதைக் கேட்கும் பல்கலைக்கழகம் இல்லை. இன்று கேட்கிறார்கள். ஆகவே பொதுப்பணி செய்யும் இளைஞர்களுக்கு அவர்கள் செய்த வேலை, தேதி, பொறுப்பு ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது ஒவ்வொரு கோயில் தலைவரின், ஒவ்வொரு இயக்கச் செயலாளரின் கடமை. மாலை போட்டுப் பொன்னாடை போர்த்துவதைவிட அந்த ஒரு கடிதம் அந்தப் பிள்ளைக்கு அதிகம் உதவும்.