கரன்ட் கொடுத்தா தசைக்கு பலம் திரும்புமா? மோட்டார் நியூரான் நோயும் நரம்புத் தூண்டல் ஆராய்ச்சியும்

வேலப்பன்சாவடியில் பஸ் ஏறி, பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே நேரா போனா சென்ட்ரல் எதிரே அரசு பொது மருத்துவமனை. அங்கே நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை 1950-ல் தொடங்கிய டாக்டர் பி.ராமமூர்த்தியும் சக மருத்துவர்களும் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினாங்க. இளம் வயதிலேயே கை கால் மெலிந்து, முகமும் தொண்டையும் பலவீனமாகி, காதும் கேட்காமல் போகும் நோயாளிகளைப் பற்றியது அது. இன்று உலகம் முழுக்க அந்த நோய்க்குப் பெயர், 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்'.

மோட்டார் நியூரான் நோய்னா என்ன?

மூளையின் உத்தரவைத் தசைகளுக்குக் கொண்டுபோகும் நரம்பு செல்கள்தான் மோட்டார் நியூரான்கள். அவை ஒவ்வொன்றாகச் செயலிழந்தால் தசை மெலியும். பேச்சு, விழுங்குதல், மூச்சு என எல்லாமே சிரமமாகும். ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு வந்த ஏ.எல்.எஸ் இந்த வகையில் பரவலானது. 'மெட்ராஸ்' வகை பொதுவாக மெதுவாகவே முற்றும். ஏ.எல்.எஸ்ஸை முழுசா குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை.

கரன்ட் உதவுமா?

மூச்சுக்கு முக்கியமான தசை உதரவிதானம். அதில் மின்கம்பிகளைப் பொருத்தித் தூண்டும் கருவிக்கு, ஏ.எல்.எஸ் நோயாளிகளுக்காக 2011-ல் அமெரிக்கா சிறப்பு அனுமதி கொடுத்தது. எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை.

அப்புறம் பிரிட்டனில் 74 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தார்கள். 2015-ல் வெளியான முடிவு அதிர்ச்சி. மாஸ்க் வழியே காற்று கொடுக்கும் மெஷினை மட்டும் பயன்படுத்தியவர்களின் இடைநிலை ஆயுள் 22.5 மாதம். மெஷினோடு மின்கருவியும் பொருத்தியவர்களுக்கு வெறும் 11 மாதம்! நல்லது செய்யும்னு நினைத்த கருவி, ஆயுளைக் குறைத்திருந்தது.

அப்போ நம்பிக்கையே இல்லையா?

இருக்கு. எஸ்.எம்.ஏ என்பது மரபணுக் கோளாறால் வரும் மோட்டார் நியூரான் நோய். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம், இந்த நோயுள்ள 3 பேரின் தண்டுவடத்துக்கு மேலே மின்முனைகளை 29 நாள் பொருத்திப் பார்த்தது. உணர்வு நரம்புகளைத் தூண்டி, அதன்மூலம் சோர்ந்துகிடக்கும் மோட்டார் நியூரான்களை எழுப்புவதுதான் ஐடியா. கால் பலம் கூடியது. 6 நிமிட நடைச் சோதனையில் மூவருமே குறைந்தது 20 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். 2025-ல் வெளியான முடிவு இது.

ஆனா, 3 பேர் என்பது ஆரம்பம்தான். செல் உயிரோடு இருந்தால்தான் எழுப்ப முடியும்; இறந்துபோன செல்லை கரன்ட் உயிர்ப்பிக்காது. அதனால் ஏ.எல்.எஸ்ஸுக்கும் இது பலிக்கும்னு இப்போதே சொல்ல முடியாது.

வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால்...

* 'நரம்பைத் தூண்டி குணமாக்குறோம்' என்ற விளம்பரத்தை நம்பி நகையை அடகு வைக்காதீங்க.

* 'இது ஆராய்ச்சி' என்று சொன்னால், சி.டி.ஆர்.ஐ என்ற அரசுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்க. அதை இணையத்தில் நீங்களே சரிபார்க்கலாம். சோதனைக் கருவிக்குப் பணம் கேட்டால், உஷார்!

* படுத்தால் மூச்சு வாங்குது, காலையில் தலைவலி, பகலில் தூக்கம்... இவற்றைச் சாதாரணமா விடாதீங்க. நரம்பியல் மருத்துவரிடம் மூச்சுப் பரிசோதனை கேளுங்க. மாஸ்க் மெஷின் தேவையா என்பதை அது சொல்லும்.

பிரிட்டன் ஆய்வில் அதிக நாள் வாழ்ந்தவர்கள், அந்த மாஸ்க் மெஷினை மட்டும் நம்பியவர்கள்தான்.