பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம்

கொழும்பு 7, பௌத்தாலோக மாவத்தையில் உள்ள மாநாட்டு மண்டபம். 1959 செப்டெம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவின் நினைவாகச் சீனா இலங்கைக்கு அளித்த நன்கொடை. 1973 மே 17ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது.

தோற்றமும் அமைப்பும்

1952ஆம் ஆண்டின் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் இலங்கையையும் சீனாவையும் நெருக்கமாக்கியது. 1957இல், பண்டாரநாயக்காவின் ஆட்சியில், இரு நாடுகளும் இராஜதந்திர உறவு பூண்டன. 1964இல் கொழும்பு வந்த சீனப் பிரதமர் சூ என்லாய், நினைவு மண்டபம் ஒன்றைக் கட்டித் தர முன்வந்தார். 1970 நவம்பரில் பணி தொடங்கியது. சீனப் பொறியியலாளரும் உள்ளூர்த் தொழிலாளரும் சேர்ந்து கட்டி முடித்தனர். எண்கோண வடிவக் கட்டடம். கூரையின் விளிம்பைச் சுற்றிலும் உயர்ந்த வெண்தூண்கள் தாங்குகின்றன. பிரதான மண்டபத்தில் சுமார் 1,500 பேர் அமரலாம். வீதியின் எதிர்ப்புறத்தில் அவுக்கன புத்தர் சிலையின் மாதிரி நிற்கிறது.

அணிசேரா உச்சிமாநாடு

1976 ஓகஸ்ட் 16 முதல் 19 வரை அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சிமாநாடு இங்கு கூடியது. டிட்டோ, இந்திரா காந்தி, சதாத், கடாபி ஆகியோர் வந்திருந்தனர். பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க இயக்கத்தின் தலைமையை ஏற்றார். அதற்கு மூன்று மாதம் முன்னர், மே 14இல், தமிழ்த் தலைவர்கள் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தனர்.

இனப்பிரச்சினையும் மண்டபமும்

1983 ஜூலை வன்செயலின் பின், ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன கூட்டிய சர்வகட்சி மாநாடு 1984 ஜனவரி 10இல் இங்கு தொடங்கியது. தமிழர் விடுதலைக் கூட்டணியும் பங்குபற்றியது. ஆண்டிறுதியில் தீர்வின்றி அது முறிந்தது. அதன்பின் நடந்த முக்கிய பேச்சுகள் பல திம்பு, தாய்லாந்து, ஒஸ்லோ, ஜெனீவா என வெளிநாடுகளுக்கே சென்றன.

2008 ஓகஸ்டில் சார்க் தலைவர்கள் கொழும்பில் கூடியபோது வன்னி மக்கள் போரினால் இடம்பெயர்ந்துகொண்டிருந்தனர். 2013 நவம்பரில் பொதுநலவாய உச்சிமாநாட்டின் அமர்வுகள் இம்மண்டபத்தில் நடந்தன. அவ்வேளையில் கொழும்பை நோக்கி ஏ9 வீதியில் வந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் மதவாச்சியில் மறிக்கப்பட்டனர்.

உலக நாடுகளை ஒன்றுகூட்டிய பெருமை இம்மண்டபத்துக்கு உண்டு. சொந்த நாட்டின் பிணக்கைத் தீர்த்த பெருமை அதற்கு இன்னும் கிட்டவில்லை.